மோட்டார் கொட்டாயில் ஒரு கடற்படை

கடலூரைத் தாக்குவது என்று முடிவானபோது எனக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. முடிவெடுத்தவர்கள் நானும் சித்தப்பாவும். முடிவெடுத்த இடம், சங்கராபுரத்துக்கு மேற்கே, கரும்புக் கொல்லையின் நடுவில் இருந்த எங்கள் மோட்டார் கொட்டாய். கிணற்று மோட்டார் ஓடும் சத்தத்தில் யார் ஒட்டுக்கேட்டாலும் ஒன்றும் காதில் விழாது, அதனால்தான் சித்தப்பா அந்த இடத்தைப் பிடித்தார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்பாவின் வாயிலிருந்து தப்பிக்கவும் அந்தச் சத்தம் உதவியது என்பது வேறு விஷயம்.

சித்தப்பா அப்பாவுக்குத் தம்பி. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டும், காத்துக்கொண்டும், கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டும் இருந்தார். கொட்டாயின் உள்சுவர் மூன்று பக்கமும் வெள்ளை. அந்த வெள்ளையில், அடுப்புக்கரியால், ஒரு நாடு இருந்தது.

கோமுகி நாடு. அதன் சரித்திரம் இப்படி. எப்போதோ ஒரு மழைக்காலத்தில் கடல் பொங்கி வெள்ளாற்றில் ஏறியது. ஏறிய கடல் மணிமுக்தாவில் திரும்பி, கோமுகியைப் பிடித்து, கல்வராயன் மலையின் காலடிக்கு வந்து, இடம் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டது. கள்ளக்குறிச்சி துறைமுகம் ஆயிற்று. மலையை ஆண்ட ஜாகீர்தார்கள் வெள்ளைக்காரக் கும்பினிக்குப் பணியவில்லை. மலையும் அடிவாரமும் சேர்ந்து தனி நாடு, தனிக் கொடி, தனிக் கடற்படை. கும்பினியும் ஊருக்குத் திரும்பவில்லை. கடலூர்க் கோட்டைக்குள் இன்னும் பீரங்கியோடு உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அதைத் தாக்கியே தீர வேண்டும். அந்த நாளில் எங்கள் மாவட்டத்துக்கே தலைநகர் கடலூர்தான், கலெக்டரும் பெரிய போலீஸ் அதிகாரியும் அங்கேதான் இருந்தார்கள் என்பதை எங்கள் போர்த்திட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கப்பல்களுக்கு மலை ஊர்களின் பெயர்: வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு. விமானங்களுக்குப் பறவைகளின் பெயர். பருந்தையே விரட்டி விரட்டிக் கொத்தும் ரெட்டைவால் குருவி, சண்டை விமானம். தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே ஏறுவது கொக்கு. எங்கள் நாட்டில் பெட்ரோல் கிடையாது. அதனால் எல்லா இன்ஜினும் மலைச் சாராயத்தில் ஓடும்படி சித்தப்பா அமைத்திருந்தார். நிஜ மலையில் காய்ச்சிய சாராயம் லாரி டியூபில் அடைபட்டு, யார் யாருடைய தோளிலோ ஏறி, எங்கள் கொல்லை ஓரமாகவே கீழே இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. எரிபொருள் அதைவிடப் பக்கத்தில் வேறெங்கும் இல்லை.

சுவரில் வரைந்தால் மட்டும் போதாது. விமானத்தைத் தென்னை ஈர்க்கிலும் பழைய தாளிலும் கட்டிக் கிணற்று மேட்டிலிருந்து விடுவோம். கிணற்றுக்குள் விழுந்தால் அந்த மாடல் ரத்து. கப்பலைக் கல்யாண முருங்கைக் கட்டையில் சித்தப்பா செதுக்குவார். பீரங்கிக்குப் பதில் கூழாங்கற்களை அடுக்கித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிடுவோம். ஒரு கல் கூடினால் கப்பல் மெதுவாக, வெட்கப்பட்டாற்போல், ஒரு பக்கமாகச் சாயும். நான் எப்போதும் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கல்லை நீட்டிக்கொண்டே நிற்பேன்.

"பொய்யா ஒரு பீரங்கி கூட வெக்கக் கூடாது பாப்பா. மனுசன ஏமாத்தலாம், தண்ணி கண்டுபுடிச்சிடும்" என்பார்.

யார் எதை வடிவமைத்தது என்பதில் எங்களுக்குள் தீராத வழக்கு இருந்தது. கொக்குக்குக் காலில் மிதவை வைத்தது என் யோசனை என்பேன் நான். "நீ சொன்ன, நான் செஞ்சேன். பாதிதான் உன்னுது" என்பார் அவர். அந்தப் பாதியையும் ஒரு சாயங்காலம் முழுக்கக் கெஞ்சவைத்துத்தான் கொடுத்தார்.

பெரிய தலைவர் ஒருவரைத் தேர்தல் கூட்டத்தில் குண்டு வைத்துக் கொன்ற பிறகு, எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்ட வருஷம் அது. பஸ்ஸை வழியில் நிறுத்தி மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்கள். கள்ளக்குறிச்சி லாட்ஜில் ரூம் கேட்டால் ஊரையும் பேரையும் இரண்டு தரம் கேட்டார்கள். தமிழைச் சற்று வேறு மாதிரி பேசிய ஒரு பாத்திர வியாபாரியை எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் பாதி நாள் உட்காரவைத்துவிட்டார்கள். திருநெல்வேலிக்காரர் என்று நிச்சயமான பிறகுதான் அவர் கைக்கு டீ வந்தது. மலையில் புகை எழுந்தால், போலீஸ் சாராய ஊறல் கொட்டாயைக் கொளுத்துகிறது என்பார் ஒருவர், இல்லை இது வேறு என்பார் இன்னொருவர், சொல்லிவிட்டு இரண்டு பேருமே சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு இதெல்லாம் ரொம்பப் பிடித்திருந்தது. கடற்படை வைத்திருப்பவளுக்குச் சந்தேகம் என்பது கடமை. பால்காரர் கொட்டாய்ப் பக்கம் தலையைத் திருப்பினாலும் நான் முதுகால் கப்பலை மறைத்துக்கொண்டு நிற்பேன்.

அந்த நேரத்தில் சித்தப்பாவுக்கு வேலை வந்தது. தூரத்துத் துறைமுகம் ஒன்றில், அரசாங்கம் நிஜப் போர்க்கப்பல் கட்டும் இடத்தில், ஃபிட்டர் வேலை. ஒன்றே ஒன்று பாக்கி: ஆள் எப்படிப்பட்டவன் என்று போலீஸ் வந்து விசாரித்து எழுத வேண்டும். எழுதுவதில் ஒரு வரி கோணலாக விழுந்தாலும் வேலை போய்விடும். இது போனால் அடுத்ததற்கு எழுதிப் போட வயசு இருக்காது என்று அம்மா அடுப்படியில் யாரிடமோ சொன்னதைக் கேட்டேன்.

அன்றுதான் அப்பா கொட்டாய்க்குள் வந்து முதல் தடவையாகச் சுவரைப் பார்த்தார். மூன்று சுவரையும் நிதானமாகப் பார்த்தார்.

"இன்னாடா இது, கடலூர் மேல குண்டு போடுற மாதிரி கோடு இழுத்து வெச்சிருக்க?"

"அது கும்பினி கோட்டைண்ணா" என்றார் சித்தப்பா. அந்தக் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"கும்பினியா? வரப்போறவன் வெள்ளக்காரனாடா? போலீசுடா! அவன் எழுதறது கடலூருக்குத்தாண்டா போவும்! நீ கப்பல் கட்டப் போறியா, களி தின்னப் போறியா? சுண்ணாம்பு வாங்கியாந்து அடி."

"நாளைக்கு அடிச்சிடறண்ணா."

நாளைக்கு நாளைக்கு என்று சில நாள் போயிற்று. நடுவில் அப்பா வீட்டுக்கு உத்தரவு போட்டார். அம்மாவுக்கு, "அந்த ஆளு வந்தா மோர் குடு, பேச்சு குடுக்காத." எனக்கு, "யாரு வந்து இன்னா கேட்டாலும் வாயத் தொறக்காத." எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒற்றன் வருகிறான்.

வந்தவர் ஒரு மத்தியானத்தில் வந்தார். அப்பா கரும்பு வெட்டு பார்க்கப் போயிருந்தார். சித்தப்பா கடைசியில் மனதைத் தேற்றிக்கொண்டு சுண்ணாம்பு வாங்கச் சங்கராபுரம் போயிருந்தார். கரண்ட் இல்லை, மோட்டார் நின்று, கொட்டாய்க்குள் ஈ பறப்பதுகூடக் கேட்டது. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, காலில் மட்டும் காக்கிக்காரர்கள் போடும் பழுப்பு ஷூ. வீட்டில் அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, அம்மா கொடுக்காத பேச்சைத் தேடிக்கொண்டு, வரப்பில் நடந்து நேராக வந்துவிட்டார்.

"உங்க சித்தப்பா இல்லியா பாப்பா?"

நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளே வந்து சுவரைப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்த மத்தியானத் தூக்கம் கலைந்ததை நான் பார்த்தேன்.

"யப்பா! இது இன்னா ஊரு?"

"சொல்லக் கூடாது."

"யாரு சொல்லக் கூடாதுன்னது?"

"அதையும் சொல்லக் கூடாது."

சிரித்தார். மீசைக்குள்ளேயே முடிந்துபோன சிரிப்பு. விசாரிக்க வேண்டியவள் நான்தானே என்று எனக்கு உறைத்தது. "நீங்க எந்த ஊரு?" என்றேன்.

"நானா? கடலூரு. கெடில ஆத்தாண்டதான் வூடு."

ஒளிக்கக்கூட இல்லை, எவ்வளவு துணிச்சல். எதிரிக்கு உண்மையைச் சொல்லக் கூடாது, ஆனால் பயமுறுத்தலாம். வெள்ளிமலையைக் காட்டி, இதில் நூறு பீரங்கி என்றேன். சுவரில் பத்துப் பன்னிரண்டுதான் இருந்தது. மற்றதெல்லாம் உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து கப்பலின் அடிப்பாகத்தைப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார்.

"நூறு வெச்சா மேல வெயிட்டு ஜாஸ்தியாயிடுமே பாப்பா. தொறமுகத்துல படகுங்கள பாத்துக்கினு வளந்தவன் நானு. இது ஒரு அலைக்குத் தாங்காது. குப்புற கவுந்துடும்."

நான் உடைந்தது அந்த இடத்தில்தான். மிரட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மிட்டாய் கொடுத்திருந்தால் தூர வீசியிருப்பேன். எங்கள் கப்பல் கவிழும் என்று ஒருவன், அதுவும் கடலூர்க்காரன், எங்கள் கொட்டாய்க்குள்ளேயே நின்று சொல்வதா?

"கவுறாது! அடியில பூரா சாராயத் தொட்டி. அந்த வெயிட்டுதான் கப்பல கீழ இழுத்துப் புடிச்சிக்கினு இருக்கும்!"

"சாராயத் தொட்டி" என்றார் அவர் மெதுவாக.

"எங்க விமானமெல்லாம் சாராயத்துலதான் பறக்கும்."

"அவ்ளோ சாராயம் எங்கேருந்து வருது பாப்பா?"

"மலையிலேருந்து. டியூப்புல. யாரு கொண்டாராங்கன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். எழுதவில்லை. கள்ளக்குறிச்சித் துறைமுகத்தில் அந்த மூடியை வைத்து, நாங்கள் போட்ட கோட்டின் மேலேயே, ஆறு ஆறாகத் திருப்பி, மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். கடலூர் வந்ததும் நிறுத்தினார். நிறுத்திவிட்டு அங்கேயே நின்றார்.

சித்தப்பா வாசலில் வந்து நின்றது அப்போது. ஒரு கையில் சுண்ணாம்பு வாளி, மறு கையில் அடிக்கிற மட்டை. வந்தவர் வாளியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு சித்தப்பாவைப் பார்த்தார்.

"அழிக்கப் போறீங்களா தம்பி?"

"இல்லீங்க சார்." வாளியை முதுகுப் பக்கம் நகர்த்தினார். "ஆமாங்க சார்."

"தனி நாடு, கொடி, குண்டு, சாராயம். ஒண்ணும் கொறையில்ல. யாரு வரைஞ்சது இத?"

எங்கள் வழக்கு இதோ தீரப்போகிறது என்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன். பாதி அவளுது என்று சொல்லட்டும், மிதவையில் முழுசும் என்னுது என்று மறுத்துப் பேசத் தயாராக இருந்தேன். சித்தப்பா வெள்ளிமலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என் பக்கம் திரும்பாமல், வாளிக்குள் பார்த்துச் சொன்னார்.

"அந்தப் பொண்ணுங்க சார். எனக்கு இதெல்லாம் இன்னான்னே தெரியாதுங்க. லீவு வுட்டா கரிய எடுத்துக்கினு கிறுக்கிக்கினு கெடக்கும். எல்லாம் அதோடதுதாங்க."

எல்லாம். மிதவையில் பாதிக்கே என்னைக் கெஞ்சவைத்த மனிதர், கப்பல்களையும் விமானங்களையும், மலைவரை ஏறிவந்த கடலையும், அதன் சரித்திரத்தையும், சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு என் பேருக்கு எழுதிவைத்துவிட்டார். பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.

வந்தவர் அண்ணாந்து பார்த்தார். கூரையை ஒட்டி, மலை உச்சிக்கும் மேலே, கோமுகி நாடு என்று அச்சடித்தாற்போல் எழுத்துகள் இருந்தன. பிறகு என் உயரத்தைப் பார்த்தார்.

"அது உன் கைக்கு எட்டுமா பாப்பா?"

"மோட்டார் மேல ஏறி நின்னுக்கினு எழுதினேன்."

"ஓடறப்பவா?"

"கரண்ட் இல்லாதப்ப."

வாளிப் பிடியைச் சுற்றியிருந்த சித்தப்பாவின் விரல்களில் அவர் பார்வை தங்கியது. நகக்கண்ணெல்லாம் கரி. பேனாவை மூடிப் பையில் செருகினார்.

"சரி. பொண்ணு கெட்டிக்காரி. ஆனா பாப்பா, கடலூர மட்டும் வுட்டுடு. எங்கம்மா அங்க தனியா இருக்காங்க."

எதிரி நாட்டுத் தூதர் வைத்த கோரிக்கை நியாயமாகவே பட்டது. யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

அவர் எழுதியதில் எந்த வரியும் கோணவில்லை. சித்தப்பா தகரப் பெட்டியோடு பஸ் ஏறினார். நிஜக் கப்பல்களுக்கு நட்டு முடுக்கி, முடுக்கியே ஓய்வும் பெற்றுவிட்டார். விசேஷங்களில் பார்த்துக்கொள்கிறோம். மழை பற்றிப் பேசுகிறோம், மருந்து மாத்திரை பற்றிப் பேசுகிறோம். கப்பல் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

எனக்கு மனதில் நிற்பது, அந்த மத்தியானம் வீட்டுக்குத் திரும்பிய நடைதான். வரப்பில் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக முடியும். சித்தப்பா முன்னால் போனார். வேகமாகப் போனார். சேராப்பட்டுக்கு இன்னொரு புகைபோக்கி வைக்கலாமா, கொடியின் நிறத்தை மாற்றலாமா என்று நான் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் பதில் சொல்லவில்லை. தலையைத் திருப்பவில்லை. பின்கழுத்தில் வியர்வை வழிந்து சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் வரவில்லை. நாட்டுக்குச் சொந்தக்காரி வரும்போது காவலாள் முன்னால்தான் போவான், பேச்சுக்குப் பேச்சு கொடுக்க மாட்டான், திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவும் மாட்டான். அதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கரும்புத் தோகைகள் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து வழிவிட, அவசரமே இல்லாமல், பெரிய நடை நடந்து வந்தேன்.