மனுசனுக்கும் ஒரு கடதாசி

எனக்கு வாய் கூட எண்டு என்ரை மனுசன் எப்பவும் பகிடி பண்ணுவார். ஓம், கூடத்தான்.

எங்கட ஊர் திரியாயில எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு மாடு நிண்டது. ஒரு நாள் காலமை அவர் பட்டியைத் திறக்கப் போன நேரம் ஷெல் விழுந்து, இடது கெண்டைக்காலில துண்டு ஏறிட்டுது. டவுன் ஆஸ்பத்திரியில எடுத்துத் தைச்சவை. நாள் தவறாமல் மருந்து கட்டினால் மூண்டு கிழமையில நடக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவர்.

நாலாம் நாள் ஆமி வாட்டுக்குள்ள வந்தது. ஷெல் காயம் எண்டால் அவைக்கு அது சண்டை பிடிச்ச ஆளின்ரை காயம்தான். "விசாரிச்சிட்டு விடுறது" எண்டு கொச்சைத் தமிழில சொன்னான் அவங்கட பெரியவன். டொக்டர் மறிச்சுப் பார்த்தவர், ஆர் கேட்டது? இப்பிடிக் கொண்டு போன எத்தினை பேரை, பிறகு தங்களிட்டை இல்லை எண்டு கையை விரிச்சவை. எனக்குப் பயம்தான். கோவம் அதைவிடக் கூட. கட்டிலுக்கு முன்னால போய் நிண்டன்.

"மாத்தையா, ஒரு மாட்டை விக்கிறதெண்டாலும் நிறம் என்ன, குறி என்ன, கொம்பு எப்பிடி எண்டு எழுதின கடதாசி வேணும். அது இல்லாட்டி உங்கட சென்றிக் காவலைத் தாண்ட ஏலாது. என்ரை மனுசன் மாட்டைவிடக் கேவலமே? எழுதித் தாங்கோ."

சிரிச்சவங்கள். நான் விலகேல்லை. வாட்டில கிடந்த சனம் முழுக்க எழும்பி இருந்து பார்த்தது. கடைசியில, இவளின்ரை தொல்லை விட்டால் போதும் எண்டு டொக்டரை எழுதச் சொன்னான். பெயர், வயது, இடது காலில தையல், நாளாந்தம் மருந்து கட்டவேணும்.

"கால் இரண்டு எண்டும் எழுதுங்கோ" எண்டன். டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்திட்டு எழுதினார். பெரியவன் கையெழுத்து வைச்சான். கடதாசியை நான் வாங்கி வைச்சன்; அவரைக் கொண்டு போட்டாங்கள்.

அடுத்த கிழமை தேடிப் போனால், காம்ப் வாசலில, அப்பிடி ஒரு ஆளே இல்லை எண்டவங்கள். நான் கடதாசியை நீட்டிப் பிடிச்சன்; கையில குடுக்கேல்லை. கையெழுத்தைக் கண்டாப் பிறகு கதை மாறினது. இருக்கிறார், ஆனா பார்க்க ஏலாது எண்டாங்கள். கிழமைக்குக் கிழமை பஸ் ஏறிப் போய் அந்த வாசலிலயே நிண்டனான். என்ரை முகத்தைக் கண்டாலே சலிச்சுக் கொள்ளுவாங்கள். சலிக்கட்டும்.

ஏழாம் மாசம் விட்டாங்கள். இரண்டு ஊன்றுகோலில வந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. மருந்து கட்ட ஒருத்தரும் இல்லாமல் புண் அழுகி, வெட்டிப்போட்டாங்கள்.

ஆளைப் பாரமெடுத்ததெண்டு கையெழுத்து வைக்கச் சொல்லி வாசலில நிண்டவன் ஒரு கொப்பியை நீட்டினான். "பேசாமல் வைச்சிட்டு வா" எண்டார் மனுசன். நான் பேனையை வாங்கிப் பெரிய எழுத்தில எழுதினன்: 'கொண்டுபோனது இரண்டு கால். தந்தது ஒண்டு. மற்றது இன்னும் உங்களிட்டை.'

கீழ என்ரை முழுப்பெயரையும் விலாசத்தையும் எழுதினன். தேடி வாறதெண்டால் வரட்டும்.