தண்ணீர் நின்ற உயரத்துக்கு நீலம்

எனக்குச் சுவர்ப் பைத்தியம் உண்டு என்பது இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஸ்பிரே பெயிண்டில் யாராவது பெரிதாக எதையாவது வரைந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், பையைத் தூக்கிவிடுவேன். ஆனால் நாகர்கோவிலில் இருந்துகொண்டு திருவனந்தபுரத்தை மட்டும் விட்டுவைத்திருந்தேன். பக்கத்து ஊர்தானே என்ற அலட்சியம். கேரளத்தில் தேர்தல் வரப்போகிறது, சுவரெல்லாம் கட்சிகளின் கைக்குப் போய்விடும் என்று ஒரு தோழி பயமுறுத்தியதால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

காலை ஆறே காலுக்கு ரயில். எழுபது கிலோமீட்டர், முன்பதிவில்லாத பெட்டியில் நாற்பத்தைந்து ரூபாய். எட்டேகாலுக்குத் திருவனந்தபுரம் ரயில் நிலையம் இருக்கும் தம்பானூரில் இறங்கி, எதிரே ஒரு கடையில் அப்பமும் கடலைக்கறியும் எழுபது ரூபாய்க்குச் சாப்பிட்டேன். வெளியே நின்ற ஆட்டோக்காரரிடம் படம் வரைந்த சுவர்களையெல்லாம் காட்ட முடியுமா என்று கேட்டேன். முந்நூறு ரூபாய், ஆனால் பத்து மணிக்கு மேல் ஓட்ட முடியாது, அவசர வேலை இருக்கிறது என்றார். பெயர் சுனில்.

பாளையம் பக்கத்துப் பெரிய சாலைகளில் சுவர் சுவராகப் பார்த்தோம். கதகளி முகம், கடல் மீன், மரம் வளர்க்கச் சொல்லும் வாசகம். அழகுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

"கொள்ளாம், பக்ஷே இதெல்லாம் வெளிய இருந்து ஆள் வந்து வரச்சது சேச்சி. எங்க எடவழில, எங்க சந்துல, இன்னிக்கு நாங்களே அடிக்கிறோம். ஸ்பிரே நான்தான்" என்றார் சுனில்.

ஆட்டோ ஓட்ட வருவதற்கு முன் பதினொரு வருடம் வர்க்‌ஷாப்பில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தவராம். அவசர வேலை அதுதானாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கடிந்துகொண்டேன். "சேச்சி கேக்கல்லல்லோ" என்றார். என்னையும் ஏற்றிக்கொண்டு அங்கேயே போனார்.

தம்பானூரிலிருந்து மூன்று கிலோமீட்டர். தோட்டை, அதாவது கால்வாயை நோக்கிச் சரிந்து இறங்கும் சந்து, இருபத்திரண்டு வீடுகள். எதிர்ப்புறம் முழுக்க மூடிக்கிடக்கும் ஒரு கிடங்கின் மதில், ஆறரை அடி உயரம். போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை தோடு பொங்கிச் சந்துக்குள் வந்திருக்கிறது. தண்ணீர் நின்ற உயரத்தில் மதிலில் சேற்றுக்கறை இன்னும் கோடாகத் தெரிந்தது.

சந்துக்காரர்கள் செய்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒவ்வொருவரும் தம் வீட்டுக்கு நேரே மதிலோடு ஒட்டி நிற்கிறார்கள். அவர்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு. ஆள் நகர்ந்ததும் சுனில் அந்தக் கோட்டின் மேல் கறுப்பு அடித்து, உள்ளே அவரவர் கேட்ட நிறத்தை நிரப்புகிறார். கடைசியில் கறை வரைக்கும் மெல்லிய நீலம். சந்தின் மேல்முனையில் ஆட்களுக்கு முழங்கால் வரை தண்ணீர். கீழே வர வர இடுப்பு, வயிறு, மார்பு.

நான் சுனிலிடம் பேசிய தமிழைக் கேட்டு ஒரு பெண் வேகமாக வந்தார். "நாரோயிலா? எங்க அப்பாவுக்க ஊரு சுசீந்திரமாக்கும்" என்றார். லதா. பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறார். கீழ்முனையில், தோட்டை ஒட்டிய கடைசி வீடு அவருடையது.

"வெள்ளக் கணக்கெடுக்க வந்த ஆபீசரு மேல்முனையில நின்னு பாத்துட்டு முழங்கால் அளவுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. தோட்டுக்குக் கரை கட்டணும்னா அது போதாதாம். செவ்வாக்கிழமை வேற ஒருத்தரு வாறாரு. அதுக்குள்ள கீழ்முனை சுவரு முடியணும், கேட்டியளா" என்றார்.

சிக்கல் அந்தக் கீழ்முனையில்தான் இருந்தது. கடைசிப் பத்தடியில் ஒரு கட்சியின் பெயரைப் போட்டு, 'புக்ட்' என்று எழுதியிருந்தது. கேரளத்துக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு: அங்கே தேர்தலுக்கு மாதக்கணக்கில் முன்பே கட்சிக்காரர்கள் சுவரை இப்படிப் பிடித்து வைப்பார்கள். ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. மற்றவர்கள் அதைத் தொடமாட்டார்கள்.

பதினொன்றரைக்குச் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக ரகு வந்தார். அந்தக் கட்சிக்காகச் சுவர் எழுதுகிறவர், அடுத்த சந்துக்காரர். "லதே, ரெண்டு மாசம் முந்தியே நாங்க புக் செஞ்சதாணு" என்றார் கறாராக.

லதா சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "எழுதிக்கிடுங்க அண்ணா. அடியில எம்மவ மீனுவுக்க படம் மட்டும் இருக்கட்டு. அவளுக்கு மூணரை அடி, தண்ணி நாலடி. மேல நெறைய எடம் கெடக்கு, உங்க ஸ்தானார்த்திக்க பேர எழுதிக்கிடுங்க" என்றார்.

ரகு சுவரைப் பார்த்தார். லதாவின் ஐந்து வயது மகள் மீனுவைப் பார்த்தார். மேலே வேட்பாளர் பெயர், கீழே தண்ணீருக்குள் குழந்தை. பார்க்கிறவர்கள் அந்தக் கட்சியைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று வெளியூர்க்காரி எனக்கே புரிந்தது. ரகு ஓரமாகப் போய்ப் போனில் ஐந்து நிமிடம் பேசினார். சுனில் டப்பாவைச் சரிபார்க்கிறவர்போலத் திரும்பி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தவர் மட்டையை வாளியில் முக்கி, 'புக்ட்' மேலேயே இழுத்தார். பத்தடியையும் வெள்ளையாக்கினார். "கொண்டு வந்த சுண்ணாம்பு. வேஸ்ட் ஆக்கண்டா" என்றார். சந்தே விசிலடித்தது. நானும்தான்.

வெயிலில் அரை மணியில் காய்ந்தது. மீனு கைகளை விரித்து, நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். மஞ்சள் நிறம் கேட்டாள். நீலத்தை மட்டும் நான் அடிக்கிறேன் என்று லதா டப்பாவை வாங்கிக்கொண்டார். கால், இடுப்பு, கழுத்து. அங்கே கை நின்றுவிட்டது.

"தாங்க சேச்சி, பாக்கி நான் அடிக்கிறேன்" என்றார் சுனில்.

"அம்மா, தலைக்கு மேலயும் இருந்துச்சுல்லா. அதுனாலதானே நீ என்னைத் தூக்கின" என்றாள் மீனு.

லதா மூச்சை இழுத்துவிட்டு, முகத்தின் மேலும் அடித்தார். அதற்கு மேலும் அரை அடி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. அதற்குள் மீனு கத்தினாள், தன் மஞ்சளெல்லாம் பச்சையாகிவிட்டதாம். அழுதவர்களும் சிரித்தோம்.

நீங்கள் போவதென்றால் காலையிலேயே போங்கள், பதினொன்றுக்கு மேல் மதிலில் வெயில் விழுந்து படம் சரியாக வராது. தம்பானூரிலிருந்து ஆட்டோ அறுபது ரூபாய்க்குள். சந்தின் பெயரை இங்கே போடவில்லை, எழுதிக் கேட்டால் லதாவிடம் கேட்டுச் சொல்கிறேன். அது குடியிருக்கும் இடம், ஆட்களைக் கேட்காமல் படமெடுக்க வேண்டாம். ஜூன் மழைக்கு முன்னால் போய்விடுங்கள். அங்கே போனால் கீழ்முனைவரை நடந்து, நீலத்துக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எனக்கு மார்புக்கு மேல் வந்தது. ஆயிரம் சுவர் பார்த்திருக்கிறேன், எதுவும் என்னை இப்படி அளந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை லதா போன் செய்தார். வந்தவர் மேல்முனையிலிருந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தபடி இறங்கி வந்தாராம். கடைசிப் படத்தில் நின்று, இது யார் என்று கேட்டிருக்கிறார். மீனு ஓடிப்போய் அதன்மேல் சாய்ந்து கையை விரித்திருக்கிறாள். பையிலிருந்த டேப்பை அவர் எடுக்கவே இல்லையாம். பழைய தாளில் 'முழங்கால்' என்பதை அடித்துவிட்டு, 'குழந்தையின் தலைக்கு மேல் அரை அடி' என்று எழுதினாராம்.