இஸ்திரி மேஜைக்கு அடியில் வைத்த பால்

"ஏன்டி, எதிர்வீட்டுப் பொண்ணும் இவளும் ஒரே மாசத்துல பொறந்ததுங்க. அது ஜன்னல் கம்பியைப் பிடிச்சுத் தொங்குது. இவளுக்கு மட்டும் ஏன் எட்டவே மாட்டேங்குது?"

சித்தி என்னைக் கேட்டபோது நான் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். "என் பொண்ணு என்னை மாதிரி குள்ளமா இருக்கா, விடு" என்று சித்தப்பா சிரித்தார். குழந்தையை எல்லோரும் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம்.

சித்தி சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவள். அவள் கை நின்றால் அடுத்த மிஷினுக்குத் துணி போகாது. பிரசவ விடுப்பு மூன்றாம் மாதமே முடிந்தது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இடைவேளையில் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மறுநாள் பகலுக்கான பாலைப் பாட்டிலில் பிழிந்து எடுப்பாள். சூப்பர்வைசர் கண்ணில் படாமல் அதை வைக்க ஒரே இடம்தான் இருந்தது. இஸ்திரி மேஜையின் அடி. நாளெல்லாம் நீராவி அடிக்கிற இடம்.

குழந்தைக்குப் பேதி பிடித்தது. டிரிப்ஸ் ஏற்றித்தான் மீட்டார்கள்.

"மிஷின் சூடெல்லாம் உங்க பால்ல இறங்கிடுச்சு அண்ணி. இனிமே புட்டிப்பால்தான்" என்றாள், குழந்தையைப் பார்த்துக்கொண்ட நாத்தனார். பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்காதவள், பாசத்தில்தான் சொன்னாள். சித்தி நம்பினாள். வீட்டில் இருக்கும் நேரத்தில்கூடக் கொடுக்கவில்லை. மார்பு கல்லாகக் கனத்து, காய்ச்சல் வந்து, பால் நின்றுபோனது. பவுடர் டப்பா மாதக் கடைசிவரை வரவேண்டுமே என்று நாத்தனார் தண்ணீரைக் கூட்டினாள். குழந்தை குடித்தது, தூங்கியது. அழாத பிள்ளை என்று தெருவே மெச்சியது.

போன மாதம் சளிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் நர்ஸம்மா பொடிசைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தார். வயது மூன்று என்றதும் மறுபடி அளந்தார். பிறகு தோண்டித் தோண்டிக் கேட்டார்.

"உன் பால்ல ஒரு குறையும் இல்லம்மா. வச்ச இடம்தான் சூடு, அதான் கெட்டுப்போச்சு."

"அப்போ நான் நிறுத்தியிருக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"இப்போ முட்டை, பருப்புன்னு நல்லாப் போட்டா வளர்ந்துடுவாளா மேடம்?"

"போடு, ஒடம்பு தேறும். ஆனா முதல் ரெண்டு வருஷத்துல விட்ட வளர்த்தி முழுசாத் திரும்பறது கஷ்டம்மா."

திரும்பும் வழியெல்லாம் பொடிசு சித்தியின் தோளில் உட்கார்ந்துகொண்டு, "நான் எவ்ளோ பெருசு பாரு!" என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டது.

தொழிற்சாலையில் சித்தியின் தையல் வரிசையில் இன்னொருத்தி புதிதாகப் பிள்ளை பெற்று வந்திருந்தாள். அவளுக்காக ஆபீஸ் அறை ஃபிரிட்ஜில் ஒரு மூலை கேட்டாள் சித்தி.

"ஏம்மா, கம்பெனி நடத்துறோமா, மாட்டுப்பண்ணை நடத்துறோமா?" என்றார் சூப்பர்வைசர். பக்கத்து மிஷின்காரிகளே சிரித்தார்கள். அந்தப் பெண் இப்போது பாலைக் கழிவறைத் தொட்டியில் பிழிந்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருகிறாள்.

உங்களுக்குத் தெரிந்தவள் யாராவது கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாளா? அவளிடமும், அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவரிடமும், முடிந்தால் அவளுடைய சூப்பர்வைசரிடமும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். எங்களிடம் யாரும் நேரத்துக்குச் சொல்லவில்லை.