ஓடுபாதைக்கு நேரே ஒரு முனி

விமானிகளுக்கென்று ஒரு கையேடு இருக்கிறது. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதில் தனிப் பகுதி உண்டு. ஓடுபாதை எவ்வளவு நீளம், எந்தத் திசை, விளக்கு இருக்கிறதா, விமானத்துக்கு எண்ணெய் கிடைக்குமா, எந்தப் பருவத்தில் பறவைத் தொல்லை என்று எல்லாம் அதில் இருக்கும். இப்போது எல்லாரும் அதை டேப்லெட்டில்தான் பார்க்கிறார்கள். நாங்கள் மட்டும் இன்னும் புத்தகம் என்றே சொல்கிறோம். மலேசியாவில் கூலாய் பக்கம் இருக்கும் எங்கள் நிலையத்துக்கான பகுதியைச் சரிபார்ப்பது என் வேலை. விமானம் இறங்கி வரும் வழியில் டெலிபோன் கோபுரமோ கிரேனோ எது முளைத்தாலும் அதை அளக்க வைத்துத் தடைகள் என்ற தலைப்பில் சேர்ப்பேன். அளவை மீறினால் கூடாது என்று சொல்வேன். கூடாது என்று சொல்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும். அதற்கு இந்தப் பொண்ணுக்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்களே என்று அம்மா கேலி செய்வார்.

அந்த அம்மாவுக்குத்தான் வயிற்றில் கட்டி வந்து ஜொகூர் பாருவில் ஆபரேஷன் நடந்தது. அப்பா பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே முனீஸ்வரரிடம் கேட்டுவிட்டார். அம்மா பிழைத்து வீடு திரும்பினால், செம்பனைத் தோட்டத்து ஓரம் இருக்கும் அவர் கோயிலில் நின்ற கோலத்தில் சிலை எழுப்புவதாக வேண்டிக்கொண்டார். செம்பனைக்கு மேலே தலை தெரிய வேண்டும், ஹைவேயில் போகிறவன் காரிலிருந்தே கும்பிட வேண்டும் என்பது கணக்கு.

அம்மா திரும்பி வந்தார். ஆனால் கோயில் இருப்பதோ ஓடுபாதைக்கு நேரே, விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்குகிற வழியில். பூசை நேரத்தில் மணியோசை கேட்காமல் போவது அங்கே சாதாரணம். அப்பா சிலையின் வரைபடத்தை என் கையில் கொடுத்து, ஆபீசில் ஒரு கடிதம் மட்டும் வாங்கி வரச் சொன்னார். எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இருந்தாலும் முறைப்படி மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். எங்கள் வீட்டு வேண்டுதல் என்பதையும் சொல்லி அளவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டேன். அளக்கப் போனவர் என்னோடு வேலை செய்யும் மலாய்க்காரர். விமானத்துக்கு விட வேண்டிய இடைவெளி சாமியின் மார்போடு முடிகிறது என்று வந்து சொன்னார். அதற்கு மேலே இருக்கிற முகம், தலைப்பாகை, ஓங்கிய அரிவாள் எதற்கும் இடமில்லை.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னேன். அப்பா சத்தம் போடவில்லை.

"சாமி தலையை வெட்டச் சொல்றியா?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கோயில் கமிட்டிக்காரர்கள், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள், இங்கே பூசாரியே பரவாயில்லை என்று என் காதுபடச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு விமானம் நிறைய ஜனங்கள் அந்தத் தலைக்கு மேல்தான் வருகிறார்கள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆனால் அப்பாவின் பயம் வேறு. வேண்டுதலைக் குறைத்தால் கொடுத்ததைச் சாமி திரும்ப எடுத்துக்கொள்வார் என்று நினைத்தார். முனீஸ்வரர் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாமல் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். எனக்கும் அதே பயம் இருந்தது.

வழியைக் காட்டியவர் அந்த மலாய்க்காரர்தான். உங்கள் சாமி நின்றுதான் ஆக வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பிறகு "டுடோக் போலே," உட்கார்ந்தால் ஆகும் என்றார். பூசாரியிடம் போய்ச் சொன்னேன். உட்கார்ந்திருப்பதும் அவருடைய கோலம்தான் என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். கமிட்டியும் சரி என்றது. அப்பா தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, அரிவாளை மடியில் கிடத்தி முனி உட்கார்ந்தார். அப்படியும் புத்தகத்தில் ஒரு வரி சேர்க்கும் உயரம் இருந்தார். சாமி பேரைப் போடுவார்களா என்று அப்பா அம்மா மூலமாகக் கேட்டனுப்பினார். அங்கே பேருக்கு இடமில்லை, சிலை என்று மட்டும்தான் வரும் என்று பதில் சொன்னேன்.

கும்பாபிஷேகம் முடிந்து சில மாதங்களில் அம்மாவுக்குக் கட்டி திரும்ப வந்தது. டாக்டர் ஸ்கேனைக் காட்டி விளக்கியபோது அப்பா என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து, "நின்னிருந்தா இப்படி ஆகியிருக்குமா" என்றார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். காரிலிருந்து சிலை வரைக்கும் நடப்பதற்குள்ளேயே அவருக்கு மூச்சு வாங்கியது. கோயில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். அப்பா சிலைக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சொன்னபடி செய்யவில்லை, மன்னித்துக்கொள் என்று வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

அம்மா நாற்காலியில் இருந்தபடியே அவரைக் கூப்பிட்டார்.

"எதுக்கு மன்னிப்பு கேக்குறீங்க?" என்றார். "என்னாலயும்தான் நிக்க முடியல. அவரு நின்னுக்கிட்டு இருந்தா நான் எப்படி அண்ணாந்து பார்க்கறது? இப்ப அவரும் உக்காந்திருக்காரு, நானும் உக்காந்திருக்கேன். முகம் நல்லா தெரியுது."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் மெல்ல உட்கார்ந்தார். நான் செருப்பு விடும் இடத்திலேயே தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீயும் வந்து உக்காரும்மா," என்றார்.