வளராத குட்டி இங்கே கிடைக்காது

நாய்க்குட்டி விற்கும் தொழிலில் நாய் ஒரு தொல்லையே இல்லை. வாங்க வருகிறவர்கள்தான் தொல்லை. கஸ்டமர் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பிளஸ் டூவில் ஃபெயிலாகி, நெய்வேலி டவுன்ஷிப்பில் பொமரேனியன் வளர்க்கும் எஸ்தர் அக்காவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். குட்டி கேட்டு வருகிறவர்களிடம் பேசுவது என் பொறுப்பு. "உண்மையச் சொல்லு, ஆனா ஆளை விரட்டாதே" என்றார் அக்கா. ஒரே வாயால் இரண்டும் எப்படி முடியும்?

சாதுக் குட்டி

நிலக்கரி மைன்ஸில் வேலை பார்க்கும் ஒருவர், தனியாகப் பெட்டியில் சுருண்டு கிடந்த குட்டியைக் காட்டி, "இதான் சாது, இதையே குடு" என்றார்.

"சாது இல்ல சார், சாக்பீஸைத் தின்னுட்டு வயிறு சரியில்லாம கிடக்குது. தேறாம அனுப்ப மாட்டோம்" என்று சொல்லிவிட்டுக் கை தட்டினேன். பளிச்சென்ற கண்ணோடு ஒன்று பாய்ந்து வந்து அவர் பேன்ட்டைக் கடித்து இழுத்தது. "நல்லா இருக்கற குட்டி இப்படித்தான் இருக்கும்." அதையே வாங்கிக்கொண்டார், ஆனால் முறைத்துக்கொண்டே: "நான் நைட் ஷிப்ட்டும்மா. பகல்ல இது குரைச்சா, நீ வந்து தாலாட்டுப் பாடுவியா?"

அம்மாவைக் காட்டினேன்

அடுத்து வந்தவர் காடாம்புலியூர் முந்திரி வியாபாரி. குட்டி வளரவே கூடாதாம், கைக்குள்ளேயே இருக்கணுமாம். தாய் ஜூலியைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினேன். "இது அம்மா. குட்டியும் இவ்ளோ வளரும். வளரக் கூடாதுன்னா பொம்மை வாங்குங்க."

பண்ருட்டியில் ஒருத்தன் வளராத குட்டி தருகிறானாம். கிளம்பிவிட்டார். "அம்மாவக் காட்டாத எடத்துல வாங்காதீங்க!" என்று பின்னாலேயே கத்தினேன். "சின்னப் பொண்ணு, பிளஸ் டூ ஃபெயிலு" என்று அக்கா சமாளிக்க, அவர் கேட்டில் நின்று சொன்னார்: "இந்த வாய வச்சிகினு இது ஃபெயிலாவாம என்னா பண்ணும்?"

காண்ட்ராக்ட்

வீட்டில் அப்பா டுட்டோரியல் பேச்சை விடுவதாக இல்லை. இந்த வேலையும் போனால் மறுபடி கெமிஸ்ட்ரிதான். அக்காவோ இறங்கி வரவில்லை: "ஜூலி அடுத்த ஈத்துக் குட்டி போடற வரைக்கும் நீ காண்ட்ராக்ட். இன்னொருத்தர் இப்படிப் போனா நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

அதே முந்திரி வியாபாரி

மறு வருஷம் ஜூலியின் குட்டிகள் பால் மறந்த சமயம், அவர் வந்து நின்றார். கையில் கயிறு. மறுமுனையில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய்! பண்ருட்டியில் வாங்கிய அந்த 'வளராத' குட்டிதான். நின்ற இடத்திலிருந்தே மேஜைச் சாப்பாட்டைத் தின்கிறதாம்; ஆனாலும் விட மனசில்லையாம். அதைக் கேட்டில் கட்டிவிட்டு, குட்டி வாங்கக் கூட வந்த தங்கச்சியை உள்ளே அழைத்தார். நான் ஜூலியைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"மொதல்ல அம்மாவப் பாரு, அப்புறம் குட்டியத் தொடு" என்று தங்கச்சிக்கு அவரே பாடம் நடத்தினார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்: "இந்தப் பொண்ண பர்மனென்ட் பண்ணிடுங்கம்மா." அக்காவும் சரி என்றார்.

ஐ.டி.ஐ. முடித்தவர்களே மைன்ஸில் பர்மனென்ட்டுக்குக் காத்துக்கிடக்கிற ஊரில், பிளஸ் டூ ஃபெயிலான நான் வாயாலேயே பர்மனென்ட் ஆகிவிட்டேன்.