எப்போதும் பச்சையாக இருந்த ஐகான்

படூரில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த சின்ன மென்பொருள் கம்பெனியின் மேனேஜருக்கு, ஒரு பொருள் வேலை செய்வதைவிட அது வேலை செய்வதுபோல் தெரிவதுதான் முக்கியம். அவரும் அப்படித்தான் இருந்தார்.

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு தங்கும் விடுதிக்கு நாங்கள் ‘சர்வீஸ்’ என்ற வகை புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்தோம். விடுதியின் சென்னை அலுவலகத்தில் பதிவாகும் அறைகளை, விடுதி வரவேற்பிலிருந்த கம்ப்யூட்டருக்கு அது உடனுக்குடன் கொண்டுவந்து சேர்க்கும். பின்னணியில் தானாக ஓடும். திரையில் ஒன்றும் தெரியாது.

"அப்ப ஓடுதா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் விடுதி முதலாளி. அந்த விவகாரம் முழுவதிலும் யாராவது கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐகான் வைக்கலாம் என்று முடிவானது. அதற்குத் தனியாக ஒரு குட்டி புரோகிராம் வேண்டும். அது சர்வீஸிடம் அடிக்கடி "இருக்கியா?" என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. இரண்டையும் இணைக்க ஒரு வாரம் கேட்டேன்.

"ஒரு பச்சை வட்டத்துக்கு ஒரு வாரமாம்மா?" என்று சிரித்த மேனேஜர், அன்று மாலையே தன் கையால் செய்து முடித்தார். கம்ப்யூட்டரைப் போட்டால் பச்சை வட்டம் வரும். அவ்வளவுதான். சர்வீஸுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் ஓரத்தில் அழகாக நிழல் வைத்திருந்தார். மீட்டிங்கில் கைதட்டினார்கள்.

ஒரு சனிக்கிழமை விடுதி வரவேற்பிலிருந்த பெண் ஃபோன் செய்தாள்.

"மேடம், ஒரே ரூமுக்கு ரெண்டு ஃபேமிலி வந்து நின்னுகினு கீறாங்க. சென்னைல போட்ட புக்கிங் எதுவுமே இங்க வர்ல."

"ஐகான் என்ன கலர்ல இருக்கு?"

"பச்சையாத்தான் கீது."

பின்னால் ஒரு குழந்தை அழுதது. ஒரு ஆள் அவளைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தான். சர்வீஸ் எப்போதோ நின்றுபோயிருந்தது. அதை மறுபடி ஓடவைக்கும் வழியை ஃபோனிலேயே சொன்னேன்.

திங்கட்கிழமை மேனேஜர், "அந்தப் பொண்ணு சரியா கவனிக்கல" என்று ஆரம்பித்தார். "அவ கவனிச்சா சார். நாமதான் அவகிட்ட பொய் சொன்னோம்" என்றேன். கேட்ட ஒரு வாரம் கிடைத்தது.

இணைத்து முடித்தேன். சர்வீஸை நிறுத்திப் பார்த்தேன், வட்டம் சிவந்தது. மேனேஜர் முகம் சுருங்கியது.

"சிவப்பைப் பார்த்தா கஸ்டமர் பயந்துடுவாரும்மா. பச்சையாவே விட்டுடு."

"மெயில்ல எழுதி அனுப்புங்க சார், மாத்திடறேன்."

"ஏன், என் பேச்சுல நம்பிக்கை இல்லையா?"

"இல்ல சார்."

மெயில் வரவில்லை. அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வும் வரவில்லை. அவரைத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைவராக்கினார்கள்.

ஐப்பசி மழையில் விடுதியின் டெலிபோன் லைன் அறுந்து சர்வீஸ் நின்றபோது ஐகான் சிவந்தது. வரவேற்புப் பெண் தன் செல்லிலிருந்து சென்னைக்குப் பேசி, ஒவ்வொரு அறையைப் பற்றியும் கேட்டுக்கொண்ட பிறகே சாவியைக் கொடுத்தாளாம். யாரும் அவளைத் திட்டவில்லை.