அதிகாரி நீட்டிய கோப்பை

போலீஸ்காரர்களுக்கும் கோர்ட்டு அதிகாரிகளுக்கும் வகுப்பு எடுக்கப் போ என்றால் யாருக்குத்தான் உதறாது? யாங்கூனில் போதை சிகிச்சை வார்டு நர்ஸான என் தலையில் அந்த வேலை விழுந்தது. போதைக்கு அடிமையானவனை நோயாளியாகப் பாருங்கள் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்களிடம் குணமான மணியையும் பேசுவதற்காக, வகுப்பு நடந்த கியாக்டடா பேட்டைக்கு அழைத்துப் போனேன்.

வாசலிலேயே நின்றுவிட்டான். “அக்கா, முன்னால உக்காந்திருக்கிற சார்தான் என்னைப் பிடிச்சு உள்ள போட்டவரு. நான் எங்க ஊரு தன்லியினுக்கே திரும்பிப் போயிடுறேன்.”

“பேசிட்டுப் போ,” என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

பர்மிய மொழியில் பேசினான். “ஜெயில்ல பவுடர்தான் நின்னுச்சு, ஆசை நிக்கல. ஆசை நின்னது ஆஸ்பத்திரியிலதான்.”

இடைவேளையில் அந்த அதிகாரியே தேநீர் ஊற்றினார். இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டபடி கோப்பையை மணியிடம் நீட்டினார். எங்கள் ஊரில் மரியாதைக்குரியவர்களுக்குத்தான் அப்படிக் கொடுப்பார்கள்.

மணி வாங்கிக்கொண்டான். சிகிச்சைக்கு வந்த புதிதில் அவன் கை நடுங்கும்; நான்தான் அவனுக்குத் தண்ணீர் புகட்டுவேன். அன்று ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

என் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்தபோதுகூட நான் அன்று மணியோடு வெளியே வந்ததுபோல் நிமிர்ந்து நடந்ததில்லை.